நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜூன் 11, செவ்வாய்

மோட்டார் பழுதாகி மூன்று நாள் ஆகிறது. அடிகுழாயில் பன்னிரண்டு குடம் அடித்ததில் தோள் வலிக்கிறது. திருத்த வேண்டிய விடைத்தாள்கள் நாற்பது மிச்சம்.

சாயங்காலம் சடையன் மலையிலிருந்து வந்தான். ஆடித் திருவிழாவுக்குத் தவிர அவன் கோட்டைப்பாறைக்கு இறங்குவது அபூர்வம். மகள் அம்சவேணியும் கூட வந்திருந்தாள். இருவரும் வேப்பமரத்தடியிலேயே நின்றார்கள். அவர்களை உள்ளே வரச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நானும் சொல்லவில்லை.

பேசியது அம்சவேணிதான். ஈச்சங்காட்டுக் குடியிருப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண் அவள். செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை பதினைந்துக்குள் பழங்குடிச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

"நாங்க மலைக்குடியே இல்லையாம்க்கா. வடக்கேருந்து வந்த படைவீரர் வம்சமாம். புத்தகத்துல போட்டிருக்காம்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்து நீட்டினாள்.

என் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கம். கூடவே முகப்புப் பக்கமும்: 'கோட்டைப்பாறைத் துரைகளின் குல வரலாறு. ஆசிரியர்: செண்பகவல்லி, எம்.ஏ., எம்.ஃபில்.'

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நான் என்ன செய்ய முடியும்? பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதியது அது. குலத்தின் வாய்மொழி. ஒரு திருவிழா மலரை அரசாங்கம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் என்று யார் கண்டது?

ஜூன் 12

விடைத்தாள் பன்னிரண்டு திருத்தினேன்.

ஜூன் 14, வெள்ளி

என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதிப் பார்த்தால் தலை தெளியும்.

எங்கள் முன்னோர்கள் முப்பத்திரண்டு கிராமப் பாளையத்தை ஆண்டவர்கள். இன்று பெரியப்பாவிடம் ஓர் அரிசி ஆலையும், மேற்கூரை இறங்கிய ஓர் அரண்மனையும் இருக்கின்றன. ஊர் இன்னும் அவரைத் துரை என்றுதான் கூப்பிடுகிறது. ஆடித் திருவிழாவில் கோயில் பரிவட்டம் அவருக்கு. ஆனால் பரிவட்டம் கட்டுவதற்கு முன்னால், ஈச்சங்காட்டிலிருந்து சடையனின் வீட்டு மூத்த ஆண் இறங்கி வந்து, தன் வலது கட்டைவிரலைக் கீறி, அந்த ரத்தத்தால் துரையின் நெற்றியில் திலகம் இட வேண்டும். அது இல்லாமல் பரிவட்டம் இல்லை. திலகம் இட்டதும் அவனுக்கு வேட்டியும் வாழைப்பழத் தாரும் கொடுத்து, கொல்லை வழியாக அனுப்பிவிடுவார்கள்.

போன வருஷம் கும்பாபிஷேகத்துக்கு ஒரு வரலாற்று மலர் வேண்டும் என்றார் பெரியப்பா. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற பெண் வீட்டிலேயே இருக்கும்போது வெளியாள் எதற்கு? முன்னூறு பிரதி அச்சிட்டோம்.

திலக வழக்கத்துக்கு நாற்பத்தொன்றாம் பக்கம் தரும் விளக்கம் இது: எங்கள் ஆதிமுன்னோர் சரயு நதிக்கரையிலிருந்து தெற்கே புறப்பட்டபோது அவருடைய மெய்க்காவலனாக வந்தவன் சடையனின் முன்னோன், போரில் தன் ரத்தம் சிந்தித் தலைவனைக் காத்ததால் இந்த உரிமை கிடைத்தது.

அந்த வாக்கியத்தைப் பெரியப்பா மேடையில் இரண்டு முறை வாசித்தார். கைதட்டினார்கள். எனக்கும் சால்வை போட்டார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

பதினொன்றாம் தேதி எழுதியது பொய். பெரியப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான்: நாம் சூரிய குலம், அயோத்தியிலிருந்து வந்தோம். அது எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வது. திலகத்தைப் பற்றிக் கேட்டபோது, "அது பழக்கம்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

நான்காம் அத்தியாயம் ஒல்லியாக இருந்தது. ஒரு சித்திரை மதியம், மின்விசிறி ஓடாத வெக்கையில், மெய்க்காவலனை நான் உண்டாக்கினேன். கால் மணி நேரம் கூட ஆகியிருக்காது. சரயு, ரத்தம், விசுவாசம். எழுதி முடித்ததும் எனக்கே சிலிர்த்தது.

இத்தனைக்கும் நான் என்ன படித்தவள்? எம்.ஃபில். ஆய்வே வடக்கத்திய போர்க்குலங்கள் எப்படி எழுந்தன என்பதைப் பற்றித்தான். ராஜபுத்திரர் என்று பின்னால் பெயர் பெற்ற குலங்களில் பலவற்றுக்கு ஆறாம் நூற்றாண்டில் ஒரு முகவரியும் கிடையாது. மாடு மேய்த்தவர்கள், காட்டு வழிகளைக் காத்தவர்கள், பெரிய அரசனுக்கு ஆள் திரட்டிக் கொடுத்தவர்கள். முதலில் கொஞ்சம் நிலம், பிறகு ஒரு கோட்டை, ஒரு குளம், ஒரு கோயில். கோயில் வந்ததும் கல்வெட்டு. கல்வெட்டில் தாத்தாவுக்கு மேலே ஒரு தாத்தா, அவருக்கு மேலே சூரியன். ஒரு சில குலங்கள் வேள்வித் தீயிலிருந்தே எழுந்து வந்தன. ஒரு பெரிய ராஜபுத்திர அரச வீட்டிலும் காட்டுக்குடி மனிதர் ஒருவர் பட்டமேற்பில் ரத்தத் திலகம் இடும் வழக்கம் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அந்த வழக்கம் எதைச் சொல்கிறது என்று மூன்று பக்கம் எழுதி, வாய்மொழித் தேர்வில் பாராட்டும் வாங்கினேன்.

ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற வீட்டைப் பற்றி என்றால் எனக்கு எல்லாம் தெரிகிறது.

ஜூன் 20, வியாழன்

ஆலைக்குப் போய்ப் பெரியப்பாவிடம் பேசினேன். தவிட்டுத் தூசியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என் கற்பனை, அதை எழுத்தில் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்கும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒரு பொண்ணு நர்சுக்குப் படிக்கிறதுக்கு நம்ம பாட்டன் பூட்டனையெல்லாம் சந்தியில நிறுத்தணுமா, செண்பா? இந்தப் பக்கம் பொய்யின்னா அடுத்த பக்கம் என்னான்னு கேப்பான்ல?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். தெரிந்த ஒருவரின் தனியார் கல்லூரியில் அம்சவேணிக்கு இடம் வாங்கித் தருகிறாராம், சான்றிதழே வேண்டாமாம். சடையன் குடும்பம் நம்மை நம்பி இருக்கிற குடும்பம், நாம் செய்யாமல் யார் செய்வது என்றார். எனக்கு மூச்சு வந்தது. யாருக்கும் நஷ்டமில்லாத வழி என்று தோன்றியது. வரும் வழியில் தேங்காயும் கொத்தமல்லியும் வாங்கினேன்.

ஜூன் 21

எலுமிச்சை ஊறுகாய் போட்டோம். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

ஜூன் 25, செவ்வாய்

அம்சவேணியைக் கல்லூரி வாசலுக்கு வரச் சொல்லியிருந்தேன். பெரியப்பாவின் யோசனையைச் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிறவளின் முகத்தோடு சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறாயா என்று நான் கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தாள்.

"துரை வாங்கிக் குடுத்தா துரை குடுத்ததா ஆயிரும்க்கா. எனக்குப் பின்னாடி ஆறு பிள்ளைக படிக்குது. ஒவ்வொண்ணுக்கும் போய் அவுக வாசல்ல நிக்க முடியுமா? சர்ட்டிபிகேட்டு வந்தா எல்லாத்துக்கும் வந்துரும்."

ஜூலை எட்டாம் தேதி விசாரணை. மலைக்குடிதான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். "எங்ககிட்ட என்னக்கா ஆதாரம் இருக்கு? அங்க இருக்கோம், அதான் ஆதாரம்" என்றாள். சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

துணி துவைத்தேன். அலமாரியைச் சுத்தம் செய்தேன். எல்லாம் செய்தாயிற்று. இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆதாரம் இருக்கிறது. என்னிடம் இருக்கிறது.

புத்தகத்துக்காகச் சென்னையில் ஒரு சுவடி நூலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு கைபீது கிடைத்தது. கும்பினிக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊர் ஊராக ஆளனுப்பி, அந்தந்த வீட்டாரின் வரலாற்றை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி வாங்கினார். அப்படி எங்கள் பாளையக்காரரே சொல்லி எழுதிக்கொடுத்தது அது. நான் எடுத்த நகலிலிருந்து:

'மலையிலே தேனெடுத்துப் பிழைத்திருந்த அண்ணன் தம்பி இருவரிலே, அண்ணன் இறங்க மாட்டேனென்று சொன்னபடியினாலே, தம்பி மாத்திரம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கி, கணவாய் வழியிலே காவல் இருந்து, மண்ணாலே கோட்டை போட்டுக்கொண்டு, மதுரையிலே பட்டமும் பெற்றான். பட்டம் கட்டுகிற நாளிலே அண்ணனை வரவழைத்து, ஒரு வயிற்றுப் பிள்ளைகளென்று ஊர் அறியும்படிக்கு அவன் ரத்தத்தைத் தன் நெற்றியிலே இடச் சொன்னான். அந்த அண்ணன் வங்கிஷத்தார் இன்னமும் மலையிலே இருக்கிறார்கள். நாங்கள் சூரிய வங்கிஷமென்று எழுதி வைத்தது அதற்குப் பிற்பாடு.'

வாசித்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து நகல் எடுத்து, பையின் அடியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து மெய்க்காவலனை எழுதினேன்.

அத்தியாயம் ஒல்லியாக இருந்தது என்று பதினாறாம் தேதி எழுதியிருப்பது ஆகவே இன்னொரு பொய். அத்தியாயத்தில் அண்ணனுக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு வேலைக்காரனை உட்கார வைத்தேன். என்னை யாரும் மிரட்டவில்லை. பெரியப்பாவுக்குக் கைபீது இருப்பதே தெரியாது. எனக்கு இருபத்தாறு வயது. சடையன் என்னைவிட இருபது வயது மூத்தவர். பேச்சு வந்த நாளிலிருந்து அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவரை அண்ணன் வீட்டார் என்று என் கையால் எழுத எனக்குக் கூசியது.

இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். முந்தைய பக்கங்களில் 'வந்தான்' என்று இருக்கிறது. அடித்துத் திருத்தவில்லை. கிடக்கட்டும்.

ஜூலை 4, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்ட ஒரே கேள்வி: "இதை வெளியில சொன்னா உனக்கு இனிமே எவன் வீட்டுல மாப்பிள்ளை பாக்குறது?"

காய் நறுக்கினேன். உண்மையில் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

அரக்குக் கரை வைத்த சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டேன். இரண்டு முறை மாற்றிக் கட்டினேன்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் சடையனும் அம்சவேணியும் காலையிலேயே வந்து நின்றிருந்தார்கள். பெரியப்பாவின் மகன் கோகுல் அண்ணனும் வந்திருந்தான். பெரியப்பா காரை விட்டு இறங்கவில்லை.

கோட்டாட்சியர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண்ணாக இருப்பார். புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு என்ன ஆதாரம் என்றார்.

"ஆதாரம் இல்ல மேடம். நானா எழுதினேன்."

"எதுக்கு?"

"நல்லா இருக்கும்னு."

அவர் பேனாவை மூடி வைத்தார். வேறு எந்தெந்தப் பக்கங்கள் இப்படி என்று கேட்டார். கோகுல் அண்ணன் தொண்டையைச் செருமினான். முதல் பக்கத்திலிருந்தே என்றேன். பிறகு கைபீதின் நகலையும், நூலகத்தில் அதன் எண்ணையும், என் எழுத்து வாக்குமூலத்தையும் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து என்னையும் சடையனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல உங்க குடும்பமும் வருதே."

"ஆமா மேடம்."

அங்கேயே அவர் அந்த இடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். அண்ணன் இறங்க மாட்டேன் என்றார் என்ற வரி வந்தபோது சடையன் மெல்லத் தலையை ஆட்டினார், தெரிந்த சேதியைக் கேட்கிறவர் போல. அவர்கள் வீட்டில் இந்தக் கதை எப்போதும் இருந்திருக்கிறது. யாரும் அவரிடம் கேட்டதில்லை. நான் கூடக் கேட்கவில்லை. சென்னைக்குப் போய்த் தேடினேன்.

வெளியே வந்தபோது, துணிச்சல்தான் என்று கோட்டாட்சியர் என்னிடம் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

ஜூலை 9

மாதாமாதம் ஆலையிலிருந்து வரும் அரிசி வரவில்லை. அம்மா கடையில் வாங்கினாள்.

ஜூலை 13, சனி

அம்சவேணி கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சான்றிதழ். கீழே, 'கெடச்சிருச்சுக்கா.'

எங்கள் ஆட்கள் யாரும் வீட்டுக்கு வரவில்லை, திட்டவும் இல்லை. திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். தெருவில் நடக்கும்போது முதுகை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன். ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 24, புதன்

கோகுல் அண்ணன் கூப்பிட்டான். குரல் கனிவாக இருந்தது. அம்மா எப்படி இருக்கிறாள், மோட்டார் சரியாகிவிட்டதா என்றெல்லாம் கேட்டான். பிறகு அந்தக் கைபீதின் எண் வேண்டும் என்றான். எதற்கு என்றேன்.

"என் பொண்ணு ஹர்ஷிணிக்கு இந்த வருஷம் டாக்டர் சீட்டு மயிரிழையில போச்சு. அடுத்த வருஷத்துக்கு நாமளும் ஒரு மனு போட்டு வைப்போமேன்னு. நீதானே எழுதிக் குடுத்த, அண்ணன் தம்பின்னு. அண்ணனுக்கு உண்டுன்னா தம்பிக்குக் கிடையாதா?"

சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. எங்கள் குலச் சங்கத்தில் பேசிவிட்டார்களாம். வக்கீல் பார்த்துவிட்டாராம். சங்கத்தின் கடிதத் தலைப்பில் 'சூரிய குலம்' என்று இருப்பதை எடுத்துவிட்டு 'மலையின் மூத்த குடி' என்று போடலாமா, இல்லை 'ஆதிக் குடி' என்றால் எடுப்பாக இருக்குமா என்று என்னிடம் யோசனை கேட்டான். பக்கத்தில் பெரியப்பாவின் குரல் கேட்டது. புத்தகத்தின் அடுத்த பதிப்பையும் செண்பாவே எழுதட்டும் என்றார்.

எண்ணைத் தர மாட்டேன் என்றேன். "பரவால்ல, ஆர்டர்லயே இருக்கும்ல" என்றான். இருக்கிறது. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் என் குலம் என்னை ஒதுக்கும் என்று பயந்தேன். பயத்தோடு கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. அவர்கள் ஒதுக்கவில்லை. சூரியனைக் கழற்றி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக இந்த நாட்டில் குலங்கள் இப்படித்தான் ஏறியிருக்கின்றன, எந்தப் பாட்டன் பயன்படுகிறானோ அவனைப் பிடித்துக்கொண்டு. இரண்டு முறையும் அவர்களுக்குப் பாட்டனைத் தேடிக் கொடுத்தவள் நான்.

ஜூலை 28, ஞாயிறு

ஈச்சங்காட்டுக்குப் போனேன். ஜீப் பாதி வழிதான் போகும், மிச்சம் நடை. இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் முறை.

ஒன்பது வீடுகள். சடையன் கூடை முடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று, அவர் வாசலில்.

சங்கத்தின் யோசனையைச் சொன்னேன். அவர்கள் மனு போட்டால் மறுபடி விசாரணை என்று இழுப்பார்கள், ஈச்சங்காட்டுச் சான்றிதழையும் தோண்டிப் பார்ப்பார்கள், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். சடையன் மூங்கில் சிம்பை நீவிக்கொண்டே கேட்டார்.

"சொந்தம்னு சொல்றாகளா, தாயி?"

"ஆமா. அப்படித்தான் சொல்றாங்க."

"சரித்தான்." சிம்பை வளைத்துப் பார்த்தார். "அப்ப பொண்ணு குடுப்பாகளா? எங்க பயலுக ரெண்டு பேரு நிக்கிறாய்ங்க."

பின்னாலிருந்து யாரோ பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் கேட்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரிந்தது. அவர் மறுபடி கூடையை எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி எவர்சில்வர் டம்ளரில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். எடுப்பேனா மாட்டேனா என்று எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்துக் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

திரும்பி வந்து, முகம் கழுவி, நோட்டைப் பிரித்ததும் முதலில் எழுதத் தோன்றியது அதைத்தான்: அவர்கள் வீட்டில் தேநீர் குடித்தேன் என்பதை.